வெயில் இருக்கட்டும்

ஷட்டரை இறக்காத தாயி. அடிக்கட்டும். கண்ணு கூசுதுன்னா நீ இங்கிட்டு நகண்டு உக்காரு, நான் ஜன்னல் பக்கம் வாறேன். என் மூஞ்சியில அடிச்சா அடிச்சுட்டுப் போகுது. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் இந்தச் சூரியன் சாத்தூர் வரைக்கும் நம்ம கூடவே வந்தாத் தேவலைன்னு வேண்டிக்கிட்டு வாறேன். சிரிக்காத. கோட்டி பிடிச்சவ இல்ல நான். மதுரையில கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டு வாறோம். எனக்கில்ல, என் மகளுக்கு.

அந்தா, முன்னால நிழல் பக்கமா, மடியில குடையை வச்சுக்கிட்டு, செவப்புக் கண்ணாடி போட்டு ஒரு பொண்ணு உக்காந்திருக்கால்ல? அவதான். செண்பகவள்ளி. அவ பக்கத்துல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டைப் பாத்து நிக்கிறான் பாரு, கட்டம் போட்ட சட்டை, அவன் என் தம்பி காளிராசு. கூடப் பொறந்த தம்பி. அவனுக்குத்தான் இவளைக் குடுக்கப் போறோம். ஆவணியில கல்யாணம். இன்னைக்குத்தான் முடிவாச்சு. மத்தியானம்.

மெதுவாத்தான் பேசணும். அவளுக்குப் பாம்புச் செவி. இந்த இஞ்சின் போடுற சத்தத்துல கேக்காது, இருந்தாலும்.

பொறவியிலயே கண்ணுக் கோளாறு அவளுக்கு. என்னமோ நீளமா ஒரு பேரு சொன்னாக, என் வாயில நுழையல. கைப்பிள்ளையா இருக்கையிலயே கண்ணு ரெண்டும் ஆடும். ஒரு இடத்துல நிக்காது, அங்கிட்டும் இங்கிட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். நாங்க என்ன நெனச்சோம், துறுதுறுன்னு இருக்கு, யாரு வாறா யாரு போறான்னு பாக்குதுன்னு கொஞ்சினோம். வாசலுக்குத் தூக்கிட்டு வந்தா வீல்னு கத்தும். என் தோள்ல மூஞ்சியைப் பொதைச்சுக்கிடும். உள்ள கொண்டு போனா கப்சிப்னு ஆயிரும். வெயிலே ஆகல மகாராணிக்குன்னு சிரிச்சோம். நெசமாவே சிரிச்சோம் தாயி.

நடக்க ஆரம்பிச்ச பெறகுதான் தெரிஞ்சுச்சு. பகல்ல கதவு நெலையில முட்டுவா, வாளியில இடறுவா, கண்ணை இடுக்கிக்கிட்டு கையை நீட்டி நீட்டி நடப்பா. பொழுது மட்டும் இறங்கட்டும், அப்பப் பாக்கணும் அவளை. கண்ணை அகல முழிச்சுக்கிட்டு தெருவுல அவ வச்சதுதான் சட்டம். கரண்டு போனா ஊரே செவுத்தைத் தடவும், இவ விறுவிறுன்னு போயி மெழுகுவத்தியை எடுத்துட்டு வருவா. இவளுக்குக் கண்ணுல கோளாறுன்னா எவ நம்புவா? பள்ளிக்கூடத்துல வாத்தியாரே நடிக்கிறான்னு சொல்லிப் பெரம்பை எடுத்திருக்காரு. போர்டு தெரியலைன்னு சொல்லுற பிள்ளை, சாயங்காலம் மரத்தடியில பாண்டி ஆடுதே, அது எப்படின்னு கேட்டாரு.

மதுரை ஆஸ்பத்திரிக்குப் போன பெறகு ஒரு டாக்டரம்மா வெளங்குறாப்புல சொன்னாக. நான் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குறவன்னு கேட்டுக்கிட்டு, அதை வச்சே சொன்னாக. எல்லாருக்கும் கண்ணுக்குள்ள ரெண்டு ஷிப்ட்டு ஆளுக இருக்காகளாம். வெளிச்சத்துல பாக்குறதுக்கு, கலரு பாக்குறதுக்கு, எழுத்துக் கூட்டுறதுக்குப் பகல் ஷிப்ட்டு. இருட்டுல தடுமாறாம நடக்குறதுக்கு ராத்திரி ஷிப்ட்டு. இவளுக்குப் பொறக்கையிலயே பகல் ஷிப்ட்டு ஆளு வரலையாம். ராத்திரி ஆளே பகல்லயும் நின்னு அல்லாடுதாம். வெளிச்சம் பட்டா அது என்ன செய்யும் பாவம், கண்ணு கூசி ஒடுங்கிப் போயிருது. வைத்தியம் இருக்கான்னு கேட்டேன். இப்போதைக்கு இல்லம்மான்னுட்டாக. செவப்புக் கண்ணாடி குடுத்தாக, பெருசு பண்ணிக் காட்டுற கண்ணாடி ஒண்ணு குடுத்தாக. அம்புட்டுத்தான்.

கலரும் தெரியாது அவளுக்கு. ஒரு கலரும். வெளுப்பு, கருப்பு, நடுவுல சாம்பல். அதுக்காக அழ மாட்டா. "அம்மா, இது என்ன கலரு?"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பா, நான் சொல்லிக்கிட்டே இருப்பேன். பச்சை, ஊதா, அரக்குன்னு. தெரியாத ஒண்ணை என்னத்துக்குடி கேக்குறன்னா, "நீங்கல்லாம் பாக்குறதை நானும் தெரிஞ்சு வச்சுக்கிடணும்ல"ம்பா. ஒருக்கா பொங்கலுக்கு மாம்பழ மஞ்சள்ல தாவணி கேட்டா. கடை கடையா ஏறி எறங்கியும் கிடைக்கல. சாம்பல் கலர்ல ஒண்ணை எடுத்து, இந்தாடி மாம்பழ மஞ்சள்னு குடுத்துட்டேன். போட்டுக்கிட்டு அம்புட்டுச் சந்தோசமாத் தெருவைச் சுத்தி வந்தா. யாருக்கு என்ன நட்டம் சொல்லு? அவ சந்தோசப்பட்டது நெசந்தான?

என் கண்ணுதான் அவளுக்குக் கண்ணு. அதை அவளே சொல்லுவா.

சரி, இதுல என் வயித்தெரிச்சல் என்னன்னு கேளு. எந்த டாக்டருகிட்டப் போனாலும் மொதக் கேள்வி, "சொந்தத்துல கட்டுனீங்களா?" முன்னால ஒருத்தரு, அவ்வளவு கூட்டத்துல வச்சு, "எத்தனை தடவை சொன்னாலும் உங்களுக்கெல்லாம் புத்தி வராது"ன்னு என்னைப் பாத்துச் சொன்னாரு. நான் என்ன திருட்டுக் கல்யாணமா பண்ணுனேன்? எங்கம்மா கூடப் பொறந்த தம்பி, எங்க மாமாதான் என் வீட்டுக்காரரு. நான் பொறந்தன்னைக்கே அவருக்குன்னு பேசி வச்சது. எங்கம்மா கட்டுனது அத்தை மகனை. எங்க தெருவுல போயிக் கேட்டுப் பாரு, முக்காவாசி வீடு அப்படித்தான். அதுகளுக்குப் பொறந்ததெல்லாம் கண்ணை முழிச்சுக்கிட்டு லாரி ஓட்டுதுக. என் வீட்டுல மட்டும்தான் சொந்தம் வந்து கண்ணைக் குத்துச்சாக்கும்?

நான் மாசமா இருக்கையில கிரகணம் பிடிச்சுச்சு. ஆபீஸ்ல இருந்து வர நேரமாகிப் போச்சு, நடுவழியில வந்துக்கிட்டிருந்தேன். அதை ஒரு டாக்டராவது கேட்டாகளா? கேக்கல.

இந்த டாக்டரம்மா நல்ல மாதிரி. ஏசல. வெள்ளைப் போர்டுல எங்க குடும்பத்தையே வரைஞ்சாக. ஆம்பளைக்குக் கட்டம், பொம்பளைக்கு வட்டம். கட்டுனவங்களுக்கு நடுவுல கோடு. அசல்ல கட்டியிருந்தா ஒத்தைக் கோடாம், சொந்தத்துல கட்டியிருந்தா ரெட்டைக் கோடாம். எங்கம்மாவுக்கும் அப்பாவுக்கும் ரெட்டைக் கோடு. எனக்கும் எங்க மாமாவுக்கும் ரெட்டைக் கோடு. எங்க பெரியம்மாவுக்கும் ரெட்டைக் கோடு. எனக்கு ரெட்டை வடச் சங்கிலி போட்ட மாதிரி இருந்துச்சு. நம்ம குடும்பம் எம்புட்டு நெருக்கமா இருக்குன்னு பாத்துக்கிடுங்கன்னு பெருமையாச் சொன்னேன். செண்பகம் என் கையைப் பிடிச்சு, "அம்மா, பேசாம இரு"ன்னா. நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?

எங்க ரத்தத்தை எடுத்துப் பாத்ததுல, என்கிட்டயும் எங்க மாமாகிட்டயும் ஒரே கோளாறு ஒளிஞ்சு கிடந்துச்சாம். ஒருத்தருகிட்ட மட்டும் இருந்தா ஒண்ணும் செய்யாதாம், ரெண்டும் ஒரு பிள்ளைகிட்டச் சேந்தாத்தான் இப்படி வருமாம். ஒரே குடும்பங்கிறதால ரெண்டு பேருகிட்டயும் இருந்துச்சாம். சொன்னாக. நான் கேட்டுக்கிட்டேன். ஆனா எனக்கு ஒண்ணு தோணுது தாயி. எங்க குடும்பத்துக்கு வர வேண்டிய பங்கு இவளோட வந்துருச்சு. அனுபவிச்சாச்சு. தீந்துச்சு. மறுபடி எதுக்கு வரப் போகுது? டாக்டரம்மா, அப்படிக் கிடையாதும்மா, ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுசாக் கணக்கு ஆரம்பிக்கும்னாக. அது என்ன கணக்கோ.

கள்ளிக்குடி வந்துருச்சா? இன்னும் வெயில் இருக்குல்ல? இருக்கு, இருக்கு.

மாப்பிள்ளை பாக்காமலா இருந்தோம். பொண்ணு பாக்க வாறவங்களைப் பகல்ல வரச் சொல்ல மாட்டோம். "அந்தி சாய வாங்க, அப்பத்தான் நல்ல நேரம்"னு சொல்லிருவோம். பெரிய லைட்டை அமத்திட்டு ஒரு சின்ன பல்பை மட்டும் போடுவோம். அந்த வெளிச்சத்துல அவளைப் பாக்கணுமே! கண்ணு விரிஞ்சு, மூஞ்சி தெளிஞ்சு, காப்பித் தட்டை ஒரு சொட்டுச் சிந்தாமக் கொண்டு வருவா. அருப்புக்கோட்டையில இருந்து வந்தவங்க பாத்ததுமே பிடிச்சுப் போச்சுன்னுட்டாக. பூ வைக்கிறதுக்குக் கோயிலுக்கு வரச் சொன்னாக. உச்சிப் பொழுது. தெப்பக்குளத்துப் படியில இவ கண்ணை மூடிக்கிட்டு என் தோளைப் பிடிச்சுக்கிட்டு எறங்குறதை மாப்பிள்ளையோட அம்மா பாத்துட்டா. "பகல்ல குருடி, ராத்திரியில ஆந்தை, இதையா என் பிள்ளை தலையில கட்டப் பாத்தீக?"ன்னு நாக்கைப் பிடுங்கிக்கிடுற மாதிரிக் கேட்டா. வாங்கி வந்த பூவை அங்கேயே ஒரு ஓரமா வச்சுட்டுப் போயிட்டா. செண்பகம் அன்னைக்கு அழல. "பூ என்ன கலரும்மா?"ன்னு மட்டும் கேட்டா. நான் அவ கையைப் பிடிச்சு மேல ஏத்திக் கூட்டிட்டு வந்தேன்.

அதுக்குப் பெறகுதான் என் தம்பி வந்து நின்னான். குட்டியானை லோடு வண்டி ஓட்டுறான் அவன், சொந்த வண்டி. ஏழு ஊரு பொண்ணு வந்துச்சு அவனுக்கு, ஒண்ணையும் கட்டல. "அக்கா, உன் மகளை வெளிய எவனும் கட்ட வேணாம். நான் இருக்கேன்"னான். எனக்கு அப்படியே கால்ல விழுந்துரலாமான்னு இருந்துச்சு, தம்பிங்கிறதால விழல. அவளுக்கு மொதக் குடை வாங்கித் தந்தவன் அவன். திருச்செந்தூர்த் திருவிழாவுல கருப்புக் கண்ணாடி வாங்கி அவ மூக்குல மாட்டி விட்டவன் அவன். வண்டியில முன் கண்ணாடியில அவ பக்கத்துக்கு மட்டும் துணி கட்டி அவளைக் கூட்டிட்டுப் போவான், போலீஸ்காரன்கிட்ட ஏச்சும் வாங்குவான். இவளுக்கும் அவன்னா உசுரு. மறைக்கல, என்கிட்டயே சொன்னா.

ஆனா கட்டன் ரைட்டாப் பேசுனா பாரு. "மாமாவும் ரத்தம் குடுத்துப் பாக்கணும். மாமாகிட்ட அந்தக் கோளாறு இல்லைன்னா நாளைக்கே தாலி கட்டச் சொல்லு. இருந்துச்சுன்னா பேச்சை எடுக்காத"ன்னா. என்னடி இப்படிச் சொல்லுறன்னு சண்டைக்குப் போனேன். டாக்டரம்மா சொன்ன கணக்குப்படி, இவகிட்ட ரெண்டும் இருக்கு, அவன்கிட்ட ஒண்ணு இருந்தாக்கூடப் பிறக்குற பிள்ளையில பாதிக்குப் பாதி இப்படி வருமாம். பாதின்னா மறுபாதி நல்ல பிள்ளைதானடின்னேன். அதுக்கு அவ சொன்னா, "எனக்கு நான் பாரமா இல்லம்மா. ஆனா என் பிள்ளை வெயில்ல கண்ணை மூடிக்கிட்டு ரோட்டுல ஓடுனா, நானும் கண்ணை மூடிக்கிட்டுல்ல நிப்பேன். எங்கிட்டுப் போச்சுன்னு யாரைக் கேப்பேன்?"

அன்னைக்கே தம்பியைக் கூப்பிட்டு விசயத்தைச் சொன்னேன்.

ரத்தம் குடுத்தான். ரொம்ப நாளாச்சு முடிவு வர. இன்னைக்கு வரச் சொன்னாக. செண்பகத்துக்குக் கண்ணாடி மாத்துற வேலை இருந்துச்சு, நானும் அவளும் அங்கிட்டு உக்காந்திருந்தோம். டாக்டரம்மா அவனை மட்டும் ரூமுக்குள்ள கூப்பிட்டாக. அவனோட முடிவு அவனுக்குத்தானாம், அவன் சம்மதம் இல்லாம யாருகிட்டயும் சொல்ல மாட்டாகளாம். கதவைச் சாத்திட்டாக. நான் கதவையே பாத்துக்கிட்டிருந்தேன். எங்க குலசாமி எல்லாத்தையும் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.

வெளிய வந்தான். நேரா எங்ககிட்ட வரல. தண்ணிக் குழாயில மூஞ்சியைக் கழுவுனான். குடிச்சான். மறுபடி கழுவுனான். அப்புறம் வந்து, "ஒண்ணுமில்லக்கா, எனக்கு இல்லையாம், ஆவணியிலயே வச்சுக்கிடுவோம்"னான்.

அவனுக்குப் பொய் சொல்ல வராது தாயி. சின்னப் பிள்ளையில இருந்தே. வீட்டுல பண்டத்தைத் திருடித் தின்னுட்டு இல்லைம்பான், மேலுதட்டுல முத்து முத்தா வேர்த்திரும். எங்கப்பா உதட்டைப் பாத்துத்தான் அடிப்பாரு. இப்பத்தான் மூஞ்சியைக் கழுவித் தொடைச்சுட்டு வந்தவன், உதட்டுல மட்டும் வேர்த்து நிக்குது. கண்ணு ரெண்டும் கோவப்பழம். வாய் சிரிக்குது.

அந்த இடம் பூராக் கண்ணாடிச் செவுரு. உச்சி வெயில் அப்படியே உள்ள கொட்டுது. செண்பகம் கண்ணை இறுக மூடிக்கிட்டு, குரல் வந்த பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிக்கிறா. "ஏன் மாமா குரல் ஒரு மாதிரி இருக்கு?"ன்னு கேட்டா. "தண்ணி பொறை ஏறிருச்சு"ன்னான். அப்புறம் என் கையைத் தேடிப் பிடிச்சா. "அம்மா, மாமா மூஞ்சி எப்படி இருக்கு? பாத்துச் சொல்லு"ன்னா.

நான் என்ன சொல்லுவேன்? நீயே சொல்லு. வேணாம், நீ சொல்லாத.

எனக்கு முடியாமப் போச்சுன்னா இவளைப் பகல்ல யாரு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவா? எங்க மாமாவுக்கே இப்ப முட்டு மடங்க மாட்டேங்குது. இவனை விட்டா எவன் வருவான்? அருப்புக்கோட்டைக்காரி மகனா வருவான்? அவன் எனக்கு நேரா நின்னு என்னையே பாக்குறான். அக்கா, அக்கான்னு அவன் கண்ணு கெஞ்சுது.

"சிரிச்ச மூஞ்சியா இருக்கான்டி"ன்னேன்.

அவ அப்படியே பூத்துட்டா. என் மகளுக்குக் கல்யாணக் களைன்னு ஒண்ணு வந்து நான் அப்பத்தான் பாக்குறேன். "கூறைச் சேலை என்ன கலரு எடுப்போம், நீதான் பாத்துச் சொல்லணும்"னா. அரக்குன்னேன். அரக்கு எனக்குப் பிடிக்கும்னா.

நான் பொய் சொல்லல. அவன் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தான். வாய் சிரிச்சுச்சு, நான் பாத்தேன். அவன் இல்லைங்கிறான், நான் நம்புறேன். கூடப் பொறந்தவனை நம்பாம யாரை நம்புறது? உதடு வேர்த்துச்சுன்னா, வெயில், வேர்க்கத்தான் செய்யும்.

ஆனா பஸ் ஏறுனதுல இருந்து அவன் இந்தப் பக்கம் திரும்பல பாரு. அப்ப இருந்து அந்த முன் கண்ணாடியையே பாத்துக்கிட்டு நிக்கிறான். ஒருக்கா சட்டைக் கையால மூஞ்சியைத் தொடைச்சான். அவ அவனுக்கு அடியிலதான் உக்காந்திருக்கா, ஒரு முழ தூரம்கூட இல்ல. தூரத்துல உள்ளது அவளுக்கு எப்பவும் மங்கல்தான். ஆனா பொழுது மட்டும் சாஞ்சு, கிட்டத்துலயும் இருந்துச்சுன்னா, ஒரு மூஞ்சி வாடியிருக்கா அழுதிருக்கான்னு அவளை மாதிரி யாரும் சொல்ல முடியாது. என் மூஞ்சியை அப்படித்தான் எத்தனை நாள் படிச்சிருக்கா. "ஏம்மா அழுத?"ன்னு சாயங்காலம் ஆனாத்தான் கேப்பா.

விருதுநகர் லைட்டு தெரியுது. அதுக்குள்ளயா? இப்பத்தான் வெயில் என் மூஞ்சியில இருந்துச்சு. எங்க போச்சு?

சேவு வாங்கித் தரவா உனக்கு? பஸ் நின்னா அவனைக் கீழ எறக்கி எதையாவது வாங்கிட்டு வரச் சொல்லலாம். நிக்காதா? உள்ள போகாதா இந்தப் பஸ்சு? பைபாஸ்லயேவா போகுது?

அந்தா. கையைக் கண்ணாடிக்குக் கொண்டு போறா. இந்நேரம் கழட்டுவா, எப்பவும் இந்நேரம்தான். கழட்டிட்டா தாயி. மடிச்சுக் குடைக்கு மேல வைக்கிறா. கண்ணைக் கசக்குறா. அடி, ஜன்னலைப் பாருடி, வெளிய பாரு. இல்ல, அவனோட சட்டையைப் பிடிச்சு இழுக்குறா. மாமான்னு கூப்பிடுறா போல. டேய், திரும்பாதடா.

கண்டக்டர் தம்பி! ஏப்பா, கண்டக்டர் தம்பி! உள்ள லைட்டைப் போடுப்பா. என்னது, இன்னும் இருட்டலையா? யாரு சொன்னா? எல்லா லைட்டையும் போடு, முன்னால உள்ளதையும் சேத்துப் போடு. எனக்குக் கண்ணு தெரியலப்பா.